மகன் கட்டிய கொடியைக் கழற்றத்தான் வேண்டுமா?

வாசகர் கடிதம், சுருக்கமாக:

வட அயர்லாந்தில் ஆர்மா கவுண்டியிலிருந்து ஒரு தமிழ்ச் சகோதரி எழுதியிருக்கிறார். மருத்துவமனையில் நர்ஸ். கணவர் உணவுத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். வந்து நான்கு வருடம் ஆகிறது. கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் கலந்து வாழும் குடியிருப்பில் இரண்டு வருடமாக வாடகைக்கு இருக்கிறார்கள். பதினொரு வயது மகன் பள்ளித் தோழர்களோடு சேர்ந்து ஐரிஷ் ஆட்டங்களை நடத்தும் ஜி.ஏ.ஏ. சங்கத்தின் உள்ளூர் கிளப்பில், அந்த ஆட்டங்களில் ஒன்றான கேலிக் ஃபுட்பால் ஆடுகிறான்.

ஜூன் மாதம் ஆர்மா அணியின் ஆட்டத்தை ஒட்டி கிளப்பில் பிள்ளைகளுக்கெல்லாம் ஆரஞ்சு வெள்ளைக் கொடி கொடுத்தார்கள். மகன் அதை வீட்டு முன்வேலியில் கட்டினான். மூன்றாம் நாள் எதிர்வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டி, "ஜூலை வரப்போகிறது, அதை எடுத்துவிட முடியுமா?" என்று மரியாதையாகக் கேட்டார். அவர் ஓய்வு பெற்ற போலீஸ்காரர். யோசித்துச் சொல்வதாக இவர் அனுப்பிவிட்டார். ஒரு வாரம் கழித்து நைட் டியூட்டி முடிந்து வந்தபோது வேலியில் கொடி இல்லை. இரண்டாக வெட்டி, மழையில் நனைந்தபடி, கதவின் தபால் துவாரத்தில் திணிக்கப்பட்டிருந்தது. மகன் எழுவதற்குள் எடுத்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். இரண்டு நாளில் லெட்டிங் ஏஜென்டிடமிருந்து மின்னஞ்சல்: புகார் வந்திருக்கிறது, இனி கொடி கட்டக் கூடாது, கட்டினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். நாலு வீடு தள்ளி வட அயர்லாந்து ஃபுட்பால் அணியின் கொடி பறக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கணவர் "ஊரோடு ஒத்து வாழ்" என்கிறார், மகனைக் கிளப்பிலிருந்தே நிறுத்திவிடலாம் என்கிறார். போலீசுக்குப் போனால் விசாவில் கை வைப்பார்களோ என்று பயம். இவருக்கோ மனம் ஒப்பவில்லை. "இது நம் ஊரில் சி.எஸ்.கே. கொடி கட்டுவது மாதிரிதானே? அதுவும் ஆரஞ்சு நிறம், புராட்டஸ்டண்டுகளுக்குப் பிடித்த நிறம்தானே?" என்று கேட்கிறார். பக்கத்திலேயே பிரிட்டனின் கொடியான யூனியன் ஜாக்கையும் கட்டிவிட்டால் எல்லோரும் சமாதானம் ஆவார்களா என்றும் கேட்கிறார்.

(எழுதியவர் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கொடியை எடுத்து, துவைக்காமல், காய வைத்து, ஒரு காகிதப் பையில் போட்டு, மேலே தேதியும் நீங்கள் பார்த்த நேரமும் எழுதி வையுங்கள். தபால் துவாரத்தையும் வேலியையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏஜென்டின் மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். பதிலும் இன்னும் போட வேண்டாம். மற்றதையெல்லாம் பிறகு நிதானமாகத் தீர்மானிக்கலாம், இது மட்டும் இன்றே நடக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் கதவைத் தட்டிக் கேட்ட பெரியவரும், இரவில் வந்து கொடியை வெட்டிய ஆளும் ஒரே மூச்சில் வருகிறார்கள். "அவர்கள்" என்று எழுதுகிறீர்கள். பயத்தில் அப்படித்தான் தோன்றும். ஆனால் நான் சொல்லப் போவது எல்லாமே இந்த இருவரையும் பிரித்துப் பார்ப்பதிலிருந்துதான் தொடங்குகிறது. முதல் ஆளிடம் பேச வேண்டும். இரண்டாம் ஆளைப் பற்றிப் புகார் கொடுக்க வேண்டும். இருவரும் ஒருவரே என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஓர் ஆதாரமும் இல்லை. இருபது வருடமாக பெல்ஃபாஸ்டில் வழக்குகள் பார்க்கிறேன். பெயர் சொல்லி, முகம் காட்டி, வெளிச்சத்தில் வந்து கேட்கிறவர் இரவில் கத்தரிக்கோல் எடுத்து வருவது அபூர்வம்.

சி.எஸ்.கே. கொடி மாதிரிதானா?

உங்கள் மகனுக்கு அப்படித்தான். அவனுக்கு அது அவன் அணி, அவன் கோச், சனிக்கிழமை காலையின் சேறு. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் அதே துணிக்கு இன்னொரு வாசிப்பும் உண்டு, அதுவும் பொய் இல்லை.

ஜி.ஏ.ஏ. என்கிற கேலிக் அத்லெடிக் அசோசியேஷன் 1884ல் டிப்பரரி கவுண்டியின் தர்லஸ் ஊரில் தொடங்கியது. ஆங்கிலேயர் ஆட்டங்களுக்கு மாற்றாக ஐரிஷ் ஆட்டங்களை மீட்க வேண்டும் என்பதே நோக்கம். அதனால் தொடக்கத்திலிருந்தே அது ஐரிஷ் தேசிய உணர்வோடு சேர்ந்து வளர்ந்தது. பெரிய ஆட்டங்களில் அயர்லாந்துக் குடியரசின் கொடி ஏறும், அதன் தேசிய கீதம் ஒலிக்கும். பல கிளப்புகளுக்கு விடுதலைப் போராளிகளின் பெயர். பிரிட்டனோடு இருக்கும் வடக்கில் ஆடுபவர்களும் பார்ப்பவர்களும் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள்; அவர்களில் பலர் தங்களை ஐரிஷ் என்றும், புராட்டஸ்டண்டுகளில் பலர் தங்களை பிரிட்டிஷ் என்றும் எண்ணுகிறவர்கள்.

இதில் உங்கள் எதிர்வீட்டுக்காரருக்கு நேரடியாகப் படும் ஒரு விஷயம் உண்டு. ஜி.ஏ.ஏ.யில் 21ஆம் விதி என்று ஒன்று இருந்தது. பிரிட்டிஷ் ராணுவத்திலோ வட அயர்லாந்து போலீசிலோ இருப்பவர்கள் உறுப்பினராகவே முடியாது என்றது அது. 2001 நவம்பரில்தான் அதை நீக்கினார்கள். அவர் காக்கிச் சட்டை போட்ட காலத்தில், சரி, இங்கே அது கரும்பச்சை, அவரோ அவர் பிள்ளைகளோ அந்த மைதானத்தைத் தங்களுக்கும் உரியது என்று நினைத்திருக்க வழியில்லை. இந்தப் பிளவை ஒட்டி வட அயர்லாந்தில் நடந்த முப்பது வருடக் கலவரத்தில் செத்த 3,500க்கும் மேற்பட்டவர்களில் அவரைப் போன்ற போலீஸ்காரர்கள் மட்டும் 300 பேருக்கு மேல். அவர் யாரை இழந்தார் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாகாது. 1997 மே மாதம் பெல்லாகி ஊரின் ஜி.ஏ.ஏ. கிளப் தலைவர் ஷான் பிரவுனை, அவர் கிளப் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, பிரிட்டன் ஆதரவு லாயலிஸ்ட் ஆயுதக் குழுவினர் கடத்திக் கொன்றார்கள். உங்கள் மகனின் கோச்சுக்கும் கிளப்பில் டீ போடும் அம்மாக்களுக்கும் அந்தப் பெயர் தெரியும். அவர்கள் கொடி கட்டும்போது, இனி ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை என்ற நிம்மதியும் அதில் சேர்ந்திருக்கும்.

"நாலு வீடு தள்ளிப் பறப்பது வெறும் ஃபுட்பால் கொடி" என்பதும் அப்படியே. உங்கள் கவுண்டியிலேயே லர்கன் ஊரில் பிறந்த நீல் லெனன், செல்டிக் கிளப்புக்கு ஆடிய கத்தோலிக்கர், 2002ல் வட அயர்லாந்து அணிக்குக் கேப்டனாக இறங்க வேண்டிய நாளில் கொலை மிரட்டல் வந்து ஆடாமலே திரும்பினார். அதற்குப் பிறகு அந்த அணிக்கு அவர் ஆடவே இல்லை. இப்போது அந்த அணியின் ரசிகர்கள் எவ்வளவோ மாறியிருக்கிறார்கள். ஆனாலும் சில கத்தோலிக்க வீடுகளில் அந்தக் கொடியைப் பார்த்தால் ஒரு கணம் மனம் சுருங்கத்தான் செய்யும்.

அப்புறம் அந்த ஆரஞ்சு. இது உங்களைப் போல வெளியூரிலிருந்து வந்த பலரும் செய்யும் தவறு. புராட்டஸ்டண்டுகளின் ஆரஞ்சு என்பது மன்னர் மூன்றாம் வில்லியமின் வம்சப் பெயரிலிருந்து வந்தது. அவர் 1690ல் பாய்ன் நதிக்கரையில் வென்ற போரைத்தான் ஜூலை 12ல் ஊர்வலம் போய்க் கொண்டாடுகிறார்கள். ஆரஞ்ச் ஆர்டர் சங்கம் பிறந்ததும் 1795ல் உங்கள் ஆர்மா கவுண்டியிலேயேதான். ஆனால் ஆர்மா அணியின் ஆரஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரே மாவட்டம், ஒரே நிறம், இரண்டு அர்த்தம். உங்கள் வேலியில் இருந்தது எந்த ஆரஞ்சு என்று அந்தத் தெருவில் ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரியும். எனவே "அவர்களுக்கும் பிடிக்கும் என்று நினைத்தேன்" என்பதைச் சமாதானமாகச் சொல்லாதீர்கள், கிண்டல் செய்வதாக எடுத்துக்கொள்வார்கள்.

ஏன் ஜூலையைச் சொன்னார்?

பெரியவர் கொடியை எடுக்கச் சொன்னபோது காரணமாக மதத்தையோ நாட்டையோ சொல்லவில்லை, மாதத்தைச் சொன்னார். இதைக் கவனிக்க வேண்டும்.

முன்பெல்லாம் கவுண்டி அணிகள் மோதும் ஆல் அயர்லாந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் செப்டம்பரில் நடக்கும். கவுண்டிக் கொடிகள் ஆகஸ்டில்தான் நிறைய ஏறும், அதற்குள் ஜூலை ஊர்வலங்கள் முடிந்து தெருக்கள் அடங்கியிருக்கும். 2022லிருந்து போட்டி அட்டவணையை மாற்றி இறுதி ஆட்டத்தை ஜூலை கடைசிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். விளைவு, யூனியன் ஜாக்குகள் கம்பத்தில் ஏறுகிற, 11ஆம் தேதி இரவு தீ மூட்டுவதற்காக மரப்பலகைகளை மலை மாதிரி அடுக்குகிற அதே வாரங்களில் கவுண்டிக் கொடிகளும் ஏறுகின்றன. 2024ல் ஆர்மா அரையிறுதியில் கெர்ரியை வென்றது ஜூலை 13ஆம் தேதி, ஊர்வலத்துக்கு மறுநாள். அந்த மாதம் 28ல் கால்வேயை ஒரு புள்ளியில் வென்று, 2002க்குப் பிறகு முதல் முறையாகக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். கவுண்டியில் பாதிப் பேர் தூங்காமல் ஆடினார்கள். மறு பாதியில் சிலர் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். இரண்டு தரப்பும் மற்றவர் வேண்டுமென்றே இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததாக நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு காலண்டர் மாற்றம்.

அதனால் அந்தப் பெரியவர் உங்களை எச்சரிக்க வந்தாரா, தன் மனக்கசப்பைச் சொல்ல வந்தாரா, அல்லது ஜூலையில் வெளியிலிருந்து வரும் பொடியன்கள் கண்ணில் இது பட்டுவிடுமே என்று உங்களுக்காகக் கவலைப்பட்டாரா என்பது கேட்டால்தான் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது

உங்கள் வீட்டு ஜன்னலிலோ வேலியிலோ விளையாட்டு அணியின் கொடியைக் கட்டுவது குற்றம் அல்ல. வட அயர்லாந்தில் 1954ல் கொண்டுவந்த கொடிச் சட்டம் ஒன்று இருந்தது. யூனியன் ஜாக்கை யாரும் தடுக்கக் கூடாது என்றும், மற்ற கொடிகளால் அமைதி கெடும் என்று போலீஸ் நினைத்தால் எடுக்கச் சொல்லலாம் என்றும் அது சொன்னது. 1987ல் அது ரத்தாகிவிட்டது. இப்போதிருக்கும் பொது அமைதிச் சட்டம் வெறுப்பைத் தூண்டுவது, அச்சமூட்டுவது பற்றியது. பதினொரு வயதுப் பையன் கட்டிய கவுண்டிக் கொடி அதற்குள் வராது.

தெருவிளக்குக் கம்பம் வேறு விஷயம். அது அரசின் உள்கட்டமைப்புத் துறைக்குச் சொந்தம், அனுமதியில்லாமல் எந்தக் கொடியைக் கட்டினாலும் சாலைச் சட்டப்படி தவறு. ஆனால் நடைமுறையில் போக்குவரத்துக்கு ஆபத்து இருந்தால் ஒழிய அத்துறை பெரும்பாலும் கை வைப்பதில்லை, போலீசும் ஏணி எடுத்துக்கொண்டு வருவதில்லை. கொடி விவகாரங்களுக்கு வழி காண 2016ல் ஒரு ஆணையமே அமைத்தார்கள், 2021 டிசம்பரில் அறிக்கை வந்தது, கொடி விஷயத்தில் கட்சிகள் ஒத்துப்போகவில்லை. உங்கள் வாசல் கம்பத்தில் யார் எதைக் கட்டினாலும் நீங்களோ உங்கள் கணவரோ அதைத் தொட வேண்டாம். அவிழ்க்கவும் வேண்டாம், இன்னொன்றைக் கட்டவும் வேண்டாம்.

உங்கள் கொடியை வெட்டியது குற்றம். சொத்தைச் சேதப்படுத்தியது, விலை ஐந்து பவுண்டுதான் என்றாலும். வெட்டியதைக் கொண்டுவந்து கதவுக்குள் திணித்தது அதைவிடப் பெரிது, ஏனென்றால் அது மிரட்டல். மதப் பகையோ நிறவெறியோ காரணம் என்று உங்களுக்குத் தோன்றினாலே போதும், போலீஸ் அதை வெறுப்புச் சம்பவமாகப் பதிவு செய்ய வேண்டும். அதை நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. ஆள் பிடிபட்டு, பகைமை நிரூபணமானால் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனை கூடும்.

லண்டனில் இருக்கும் உங்கள் அண்ணன் சொன்னதை இங்கே திருத்த வேண்டியிருக்கிறது. 2010 சமத்துவச் சட்டத்தை மேற்கோள் காட்டி ஏஜென்டுக்கு எழுதச் சொல்லியிருக்கிறார். அந்தச் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும். வட அயர்லாந்தில் அது செல்லாது. அதை வைத்து எழுதினால் ஏஜென்ட் ஒரே வரியில் தள்ளிவிடுவார். இங்கே உங்களுக்கு உதவுவது 1998ஆம் ஆண்டின் நியாய வேலைவாய்ப்பு மற்றும் நடத்தை ஆணை. பெயரில் வேலைவாய்ப்பு இருந்தாலும் வீடு, கடை, சேவை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். மதம், அரசியல் கருத்து காரணமாக யாரையும் குறைவாக நடத்தக் கூடாது என்கிறது.

"நாங்கள் இந்துக்கள், எங்களுக்கு அது எப்படிப் பொருந்தும்?" என்று கேட்பீர்கள். இந்த ஊரில் வெளியூர்க்காரர்களிடம் பழைய கேள்வி ஒன்று கேட்பார்கள்: இந்து என்றால், கத்தோலிக்க இந்துவா, புராட்டஸ்டண்ட் இந்துவா? சட்டம் அந்தக் கேள்வியை நிஜமாகவே யோசித்து வைத்திருக்கிறது. ஒருவருக்கு இருப்பதாகப் பிறர் கருதிக்கொள்ளும் மதமும் கருத்தும் அதில் அடங்கும். உங்களைக் கத்தோலிக்கத் தரப்பு என்று எண்ணிக்கொண்டு நடத்தினால் அதுவும் பாகுபாடுதான்.

ஏஜென்டுக்கு என்ன எழுதுவது

வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். வெளியே எதையும் கட்டவோ ஒட்டவோ கூடாது என்று பொதுவான நிபந்தனை இருக்கலாம். இருந்தால் அது உங்களைக் கட்டுப்படுத்தும், ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அந்த நாலாவது வீடும் இதே ஏஜென்டின் பொறுப்பில் இருந்து, அங்கே ஃபுட்பால் கொடி பறக்க விட்டுவிட்டு உங்கள் கொடியை மட்டும் எடுக்கச் சொன்னால், கேள்வி கேட்க உங்களுக்கு முகாந்திரம் உண்டு. அது வேறு ஓனரின் வீடு என்றால் அந்த ஒப்பீடு நிற்காது. முதலில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மூன்றே விஷயம் எழுதுங்கள். ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி சொல்கிறீர்கள்? இதே விதி எல்லா வீட்டுக்கும் எல்லாக் கொடிக்கும் பொருந்துகிறதா? எங்கள் கொடி வெட்டப்பட்டு வீட்டுக்குள் திணிக்கப்பட்டது உங்களுக்குத் தெரியுமா? கோபமோ சட்ட எண்களோ வேண்டாம். மூன்றாவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் அதுவரை நீங்கள் "புகாருக்கு உள்ளானவர்", அதற்குப் பிறகு பாதிக்கப்பட்டவர்.

காலி செய்யச் சொல்லும் மிரட்டலைப் பற்றி. மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி யாரையும் வெளியேற்ற முடியாது. எழுத்தில், முறையான படிவத்தில் நோட்டீஸ் தர வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் குடியிருக்கும் உங்களுக்குக் குறைந்தது 8 வாரம். அதற்கப்புறமும் நீங்கள் போகாவிட்டால் கோர்ட் உத்தரவு வேண்டும். பூட்டை மாற்றுவது, மின்சாரத்தை நிறுத்துவது எல்லாம் குற்றம். ஆனால் ஆபத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்: ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டால் காரணமே சொல்லாமல் நோட்டீஸ் தர ஓனருக்கு உரிமை உண்டு. பாகுபாடுதான் உண்மைக் காரணம் என்று ஆறு மாதத்துக்குள் கவுண்டி கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் வழக்கு நடக்கும் நாட்களில் நீங்கள் வேறு வீடு தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பார்த்த பிறகே கடிதத்தின் தொனியைத் தீர்மானியுங்கள். சமத்துவ ஆணையமும் ஹவுசிங் ரைட்ஸ் அமைப்பும் இலவசமாகவே ஆலோசனை தருவார்கள்.

விசா பயம்

இதைப் பற்றி நம் ஆட்களிடையே எவ்வளவு வதந்தி! விசாவில் கேட்பது உங்கள் நடத்தையை. குற்றம் உங்கள் மேல் நடந்ததாகச் சொல்வது உங்கள் நடத்தையில் கறை ஆகாது. முறையான விசாவில் வேலை பார்க்கும் நீங்கள் போலீசின் 101 எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுப்பதால் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கான விண்ணப்பம் பாதிக்கப்படாது. புகார் எண்ணை வாங்கி, கொடி இருக்கும் பையின் மேலேயே எழுதி வையுங்கள். மறுபடி யாராவது வாசலுக்கு வந்தால் 999. புகார் கொடுத்ததால் ஆள் பிடிபடுவார் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், பெரும்பாலும் பிடிபடுவதில்லை. ஆனால் இரண்டாம் முறை ஏதாவது நடந்தால் முதல் முறை நடந்தது பதிவில் இருக்க வேண்டும். பதிவு இல்லாமல் வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாமல் போயிருக்கிறது. நர்ஸாக உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சார்ட்டில் எழுதாதது நடக்காததற்குச் சமம்.

யூனியன் ஜாக்கும் சேர்த்துக் கட்டலாமா என்று கேட்டீர்கள். 2025 ஜூனில் பாலிமினாவில் வெளிநாட்டவர் வீடுகளுக்குத் தீ வைத்தபோது, தங்கள் வீட்டை விட்டுவிடட்டும் என்று சிலர் ஜன்னலில் யூனியன் ஜாக் ஒட்டினார்கள், கதவில் "இங்கே ஃபிலிப்பினோக்கள் வசிக்கிறார்கள்" என்று எழுதி வைத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் உங்களுக்கு இந்த யோசனை வந்திருக்கும் என்று நினைக்கிறேன். உயிருக்கு ஆபத்து என்றால் எதை வேண்டுமானாலும் ஒட்டுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இப்போது உங்கள் தெருவில் நிலைமை அது இல்லை. இரண்டு கொடியையும் பக்கம் பக்கமாகக் கட்டினால் சமாதானம் வராது, இரண்டு பக்கமும் உங்களைச் சந்தேகப்படும். நம்பாத கொடியைப் பயத்துக்காகக் கட்டியதை உங்கள் மகனும் பார்ப்பான்.

இனி உங்கள் கணவரின் பேச்சுக்கு வருகிறேன். ஊரோடு ஒத்து வாழ் என்பது நல்ல வார்த்தைதான். ஆனால் அங்கே ஊர் எது? ஆர்மா நகரத்தில் இரண்டு குன்று, இரண்டு குன்றிலும் புனித பேட்ரிக் பெயரில் ஒவ்வொரு பேராலயம், ஒன்று கத்தோலிக்கருடையது, மற்றது புராட்டஸ்டண்டுகளுடையது. மகனைக் கிளப்பிலிருந்து எடுத்தால் பாதி ஊரோடு ஒத்துப்போவீர்கள், இன்னொரு பாதி அவனைத் தேடும். அவன் நண்பர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அவர் பயம் நியாயமானது, அதைக் கோழைத்தனம் என்று சொல்லாதீர்கள். இரவு நீங்கள் டியூட்டியில் இருக்கும்போது வீட்டில் பிள்ளையோடு தனியாக இருப்பவர் அவர். கொடியை எடுப்பது ஒரு விஷயம், ஆட்டத்தை விடுவது வேறு விஷயம் என்று அவரிடம் பிரித்துச் சொல்லுங்கள். முதலாவதில் அவர் பேச்சைக் கேட்கலாம். இரண்டாவதில் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. ஜி.ஏ.ஏ. தன் விதிகளிலேயே மதப் பகைக்கும் நிறவெறிக்கும் எதிரான அமைப்பு என்று எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு கிளப்பிலும் பிள்ளைகள் நலனுக்கென்று ஓர் அலுவலர் உண்டு, அவரிடம் நடந்ததைச் சொல்லிவையுங்கள். புராட்டஸ்டண்டுகள் பெரும்பான்மையாக வாழும் கிழக்கு பெல்ஃபாஸ்டிலேயே 2020ல் ஒரு ஜி.ஏ.ஏ. கிளப் தொடங்கி, "ஒன்றாக" என்ற வார்த்தையை ஆங்கிலம், ஐரிஷ், அல்ஸ்டர் ஸ்காட்ஸ் மூன்று மொழியிலும் சின்னத்தில் பொறித்திருக்கிறார்கள். அவர்களுக்கும் மிரட்டல் வந்தது. ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஆர்மா ஜெர்சி போட்டுப் போகலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: வேண்டாம். வேலையிடத்தை எந்தத் தரப்புக்கும் உறுத்தாமல் வைத்திருக்கும் கடமை முதலாளிக்கு உண்டு, அதனால் எல்லா அணிச் சட்டைகளையும் தடுக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

கடைசியாக அந்தப் பெரியவர். நாலு கடிதம் எழுதுவதைவிட இது கடினம், ஆனால் நான் இதைத்தான் அதிகம் நம்புகிறேன். பகல் நேரத்தில், உங்கள் கணவரோடு, போய்க் கதவைத் தட்டுங்கள். மகனை இந்த முறை கூட்டிப்போக வேண்டாம். அவர் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, அதையே தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் வந்து கேட்டீர்கள், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் யாரோ வெட்டி வீட்டுக்குள் போட்டுவிட்டார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். "நீங்கள்தானா?" என்று கேட்க வேண்டாம். மன்னிப்பும் கேட்க வேண்டாம், நீங்கள் தவறு செய்யவில்லை. பையனுக்கு அது அவன் அணி என்று சொல்லுங்கள். அவருக்கு அது என்ன என்று கேளுங்கள், அவர் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். தெருவில் நாற்பது வருடம் இருந்தவர் "அந்தப் பிள்ளை வீட்டுப் பக்கம் யாரும் போகக் கூடாது" என்று ஒரு வார்த்தை சொன்னால், அது போலீஸ் ரோந்தைவிடப் பலிக்கும். அவர் பேச மறுத்துவிட்டால் விட்டுவிடுங்கள். கவுன்சிலில் நல்லுறவுத் திட்டத்துக்கென்று அலுவலர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மூலம் இன்னொரு முறை முயலலாம்.

கொடியை மறுபடி கட்டுவதா என்று கேட்டால், உரிமை உங்களுக்கு இருக்கிறது, இன்றைக்கே கட்டலாம். நானாக இருந்தால், ஏஜென்டின் பதில் வந்து, பெரியவரிடம் பேசி முடிக்கும்வரை வேலியில் கட்ட மாட்டேன். புதுக் கொடி ஒன்று வாங்கி மகன் அறைக்குள், அவன் கட்டிலுக்கு மேலே மாட்டுவேன். அதற்கு ஏஜென்டின் அனுமதியும் வேண்டாம், மாதக் கணக்கும் வேண்டாம். அடுத்த ஆட்டத்தன்று அவன் அதை உருவி எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போகட்டும். பழைய கொடி என்ன ஆயிற்று என்று அவன் கேட்பான். காற்றில் பறந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். பதினொரு வயது, பள்ளியில் யாராவது எப்படியும் சொல்லிவிடுவார்கள். யாரோ ஒருவர் வெட்டிவிட்டார், அம்மா போலீசில் சொல்லியிருக்கிறேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தின் நகலையும், ஏஜென்டுக்கு அனுப்ப நினைக்கும் கடிதத்தையும் அனுப்பும் முன் எனக்கு ஒரு முறை காட்டுங்கள்.